எட்ட நின்று பார்த்த கூடு

இராமநாதபுரத்திலிருந்து தெற்கே கீழக்கரை செல்லும் பேருந்தில் அமர்ந்திருப்போர்க்கு, கடல் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் உப்புக்காற்று முகத்தில் படும். கீழக்கரையைக் கடந்து ஏர்வாடித் திசையில் மேற்கே சென்றால், பனைகளும் உடைமரங்களும் கலந்த மணற்பாங்கான நிலத்திடையே ஆங்காங்கே தென்னந்தோப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்று என் மூத்த சகோதரியின் கணவருக்கு உரியதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதரஸா விடுமுறை என்பதால், வியாழன் மாலை அங்கு சென்று ஓரிரவு தங்கி வருவது என் நெடுநாளைய வழக்கம்.

தோப்பின் தென்புறம் கடற்கரை. மன்னார் வளைகுடா அங்கே பெரும்பாலும் குளம்போல் அமைதியாகக் கிடக்கும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கரையை ஒட்டினாற்போல் 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்திருந்தன. அவற்றுள் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. 1986-ஆம் ஆண்டு அத்தீவுகளும் சுற்றியுள்ள கடற்பரப்பும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. வானம் தெளிந்த காலைகளில் அப்பா தீவும் வாலிமுனைத் தீவும் தொடுவானத்தில் மை தீட்டிய கோடுகளாகத் தெரியும்.

தோப்பின் வடமேற்கு மூலையில் ஓர் ஆலமரம். மச்சானின் பாட்டனார் காலத்திலேயே அது பெரிய மரமாக இருந்ததாகச் சொல்வார்கள். அதன் உச்சியில் பட்டுப்போன கிளையொன்று கடலை நோக்கி நீண்டிருக்கும். அந்தக் கிளையும் அதற்குக் கீழே உள்ள முக்கவரும்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

கரையின் வேட்டைப் பறவைகள்

நம் கடற்கரையில் வானத்தை அண்ணாந்து பார்ப்பவர் முதலில் காண்பது செம்பருந்தையே. செங்கல் நிற உடலும் வெண்மையான தலையும் மார்பும் கொண்டது. மீன்பிடித் தளங்களில் படகுகளைச் சுற்றி வட்டமிடுவது இதுவே. தென்னை உச்சியிலும் வீட்டோரத்து மரங்களிலும் கூடு கட்டும். மனித நடமாட்டத்துக்குப் பெரிதும் பழகிய பறவை. இரண்டு முட்டைகள், நான்கு வாரங்களுக்குள் அடைகாப்பு முடியும், அதன்பின் ஏழெட்டு வாரங்களில் குஞ்சு பறந்துவிடும்.

இரண்டாவது, விராலடிப்பான். கால்களை முன்னே நீட்டி நீரில் விழுந்து மீனைப் பற்றி எழும். குளிர்காலத்தில் மட்டும் நம் கரைக்கு வரும் விருந்தாளி. இங்கே கூடு கட்டுவதில்லை. துபாயில் பணிபுரியும் என் மருமகன், அரபு வளைகுடாவின் ஆளற்ற தீவுகளில் இப்பறவை வெறுந்தரையிலேயே குச்சிகளைக் குவித்துக் கூடு கட்டுவதைப் பற்றிச் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. மனிதரும் நரியும் வராத இடமென்றால் பறவைக்கு மரமும் வேண்டியதில்லை. தனிமையே அதற்குக் கோட்டை.

மூன்றாவதும் பெரியதும் வெண்வயிற்றுக் கடற்கழுகு. தலையும் மார்பும் வயிறும் பால்வெண்மை. முதுகு சாம்பல் நிறம். இறக்கைகளை விரித்தால் நுனிக்கு நுனி ஏறத்தாழ 2 மீட்டர். பறக்கும்போது வால் குட்டையாக, ஆப்பு வடிவில் தெரியும். மீனும் கடற்பாம்பும் இதன் முக்கிய உணவு. ஆணைவிடப் பெண் பெரியது. ஒருமுறை இணை சேர்ந்தால் ஆண்டுதோறும் பிரியாமல் வாழும் இயல்புடையது. ஆலமரத்து முக்கவரில் கூடு வைத்திருந்தது இத்தகைய ஓர் இணையே.

ஒரு கூட்டின் கணக்கு

கடற்கழுகு ஆண்டுதோறும் புதுக்கூடு கட்டுவதில்லை. பழைய கூட்டின்மேல் புதிய குச்சிகளை அடுக்கும். ஆண்டுகள் ஏற ஏறக் கூடும் பருக்கும். ஒரு மீட்டருக்கு மேல் அகலமும் ஏறக்குறைய அதே அளவு ஆழமும் கொண்ட கூடுகள் சாதாரணம். நடுவில் பசுந்தழைகளைப் பரப்பி மெத்தையாக்கும். குஞ்சு வளரும் காலத்திலும் புதுத் தழைகளைக் கொண்டுவந்து போட்டபடியே இருக்கும்.

நான் கண்டவரை எங்கள் கரையில் அக்டோபரில் கூட்டைத் திருத்தும் வேலை தொடங்கும். அந்நாட்களில் இணை இரண்டும் வானில் ஒன்றையொன்று துரத்தும். சில வேளை கால்நகங்களைக் கோத்துக்கொண்டு சுழன்றபடியே கீழே இறங்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பிரியும். இருவரும் மாறி மாறி எழுப்பும் குரல் வாத்தின் கத்தலைப் போல வெகுதூரம் கேட்கும்.

முட்டைகள் வழக்கமாக இரண்டு, வெண்ணிறம். அடைகாப்பு சுமார் 40 நாட்கள். பெரும்பொழுது பெண்ணே அமர்ந்திருக்கும்; ஆண் மீன் கொண்டுவரும்; இடையிடையே தானும் அமர்ந்து பெண்ணுக்கு ஓய்வு தரும். முதல் முட்டை இட்டவுடனேயே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால், அது முன்னதாகப் பொரிந்து மூத்த குஞ்சு முந்திக்கொள்ளும். உணவு குறைந்தால் இளையது பிழைப்பது அரிது. எனவே இரண்டு முட்டை இட்ட கூட்டிலிருந்து பெரும்பாலும் ஒரே குஞ்சுதான் பறந்து செல்லும். பொரித்த நாளிலிருந்து அது பறப்பதற்கு 70 முதல் 80 நாட்கள் ஆகும். பறந்த பின்னும் சில மாதங்கள் பெற்றோரின் கையை எதிர்பார்த்தே வாழும். வெண்மையும் சாம்பலுமான முழு நிறம் அடைய நான்கைந்து ஆண்டுகள் செல்லும்.

ஆக, ஒரு பெரிய மரமும் இரு பறவைகளின் ஏறக்குறைய ஓராண்டு உழைப்பும் சேர்ந்து தருவது ஒரே ஒரு குஞ்சு. இந்தக் கணக்கை நான் முன்னரே அறிந்திருந்தால், கீழே எழுதப்போகும் பிழையைச் செய்திருக்க மாட்டேன்.

நான் செய்த பிழை

2021 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, மதரஸா மாணவர் பதினைந்து பேரை அந்த ஆலமரத்தடிக்கு அழைத்துச் சென்றேன். இத்தகைய காட்சியைப் பிள்ளைகள் அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். பறவைகள் அப்போதுதான் குச்சி சுமந்து வந்துகொண்டிருந்தன. நாங்கள் மரத்தடியில் துணி விரித்து அமர்ந்து சாப்பிட்டோம். கீழே உதிர்ந்து கிடந்த மீன்முள்ளையும் இறகையும் பிள்ளைகள் பொறுக்கினர். ஒருவன் விழுதைப் பற்றிப் பாதி மரம் வரை ஏறியும் பார்த்தான். பறவைகள் இரண்டும் மேலே வட்டமிட்டுக் கத்திக்கொண்டே இருந்தன. அவை எங்களை வரவேற்பதாக நான் பிள்ளைகளிடம் வேடிக்கையாகச் சொன்னேன்.

அடுத்த வாரமும் சென்றோம். அதற்கு அடுத்த வாரமும் சென்றோம். நான்காம் வாரம் சென்றபோது பறவைகள் இல்லை. பாதி திருத்திய கூடு அப்படியே இருந்தது. அதன் விளிம்பில் இரண்டு காகங்கள் அமர்ந்திருந்தன.

கரையில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவரிடம் கேட்டேன். அவர் தலை நிமிராமலே பதில் சொன்னார். “நாங்க இந்த மாசத்துல அந்த மரத்துப் பக்கமே போகமாட்டோம் ஹஜ்ரத். குச்சி எடுக்குற காலத்துல ஆளைப் பாத்தா அது இருக்காது. குஞ்சு வந்தப்புறம் பாத்தா ஒருவேளை பொறுக்கும்.”

படிப்பறிவு இல்லாத அவர் சொன்னதையே பறவை நூல்களும் சொல்கின்றன என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். கூடு திருத்தும் காலத்திலும் அடைகாக்கும் காலத்திலும் தொந்தரவு நேர்ந்தால் கடற்கழுகு கூட்டையே துறந்துவிடும். காரணம் எளிது. முட்டை இடுவதற்கு முன் அதற்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆபத்தென்று தோன்றிய இடத்தை விட்டு விலகுவதே அதற்குப் பாதுகாப்பு. முட்டையிட்ட பின் மனிதரைக் கண்டு எழுந்து பறந்தால், வெயிலும் காகமும் அந்தச் சிறு இடைவெளியிலேயே முட்டைகளை முடித்துவிடக்கூடும். குஞ்சு பொரித்த பிறகே பெற்றோரின் பற்று அச்சத்தை வெல்லும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில், கூடு கட்டும் பருவத்தில் கழுகுக் கூட்டிலிருந்து 500 மீட்டருக்குள்ளும், கூட்டிலிருந்து நேர்ப்பார்வையில் படும் இடமாயின் 1 கிலோமீட்டருக்குள்ளும் காட்டு வேலைகளைத் தவிர்க்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்திருக்கிறார்கள். நானோ கூட்டின் அடியில் பதினைந்து பிள்ளைகளோடு விருந்து வைத்தேன்!

2022-இல் அம்மரம் வெறுமையாகவே இருந்தது. அந்த வெற்றுக் கூட்டைப் பார்க்கும்போதெல்லாம் அன்று நான் சொன்ன வேடிக்கை நினைவுக்கு வந்து என்னை நாணச் செய்தது.

திரும்பி வந்தவை

2023 அக்டோபர் இறுதியில் மச்சான் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, உங்கள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்” என்றார். பழைய இணைதானா, புதியதா என்று என்னால் கூற இயலாது. ஆனால் இம்முறை நான் மரத்தடிக்குச் செல்லவில்லை. கிழக்கே அரைக் கிலோமீட்டர் தொலைவில் ஒரு மணல்மேடு உண்டு. மருமகன் தந்திருந்த பைனாகுலரை எடுத்துக்கொண்டு, வெள்ளிதோறும் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அங்கே சென்று அமர்ந்தேன்.

நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து பெண்பறவையின் வெண்தலை மட்டும் கூட்டின் விளிம்புக்கு மேல் தெரிந்தது. நான் நாட்களை எண்ணத் தொடங்கினேன்.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் பகுதியில் அந்த அளவுக்கு இல்லை எனினும், காற்றும் சாரலும் ஓயவில்லை. மழை தணிந்ததும் முதல் வேலையாக மணல்மேட்டுக்கு ஓடினேன். ஆலமரத்தின் கிளையொன்று முறிந்து தொங்கியது. கூடு இருந்தது. அதன்மேல் நனைந்து சுருங்கிய உருவமாக, இறக்கைகளைச் சற்றே விரித்துக் குடைபோல் கவித்தபடி, அந்தத் தாய் அமர்ந்திருந்தது. சற்று நேரத்தில் ஆண்பறவை மீனோடு வந்து இறங்கியது. நான் பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டேன்; கண்ணாடி மங்கியது மழையால் மட்டுமன்று.

அடுத்த வெள்ளியன்று தாய் எழுந்து நின்று, குனிந்து, மீனைச் சிறு சிறு துண்டுகளாகக் கிழித்துத் தனக்குக் கீழே நீட்டியது. முட்டை பொரிந்துவிட்டது.

தோப்பு விலைக்கு வந்தது

2024 ஜனவரித் தொடக்கத்தில் சோதனை வந்தது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் சகோதரியின் மகளுக்குத் திருமணம். அதற்கெனத் தோப்பை விற்க மச்சான் முடிவு செய்திருந்தார். வாங்க வந்தவர் நல்ல விலை சொன்னார். ஆனால் நிபந்தனை ஒன்று வைத்தார். மாத இறுதிக்குள் மரங்களை அகற்றி நிலத்தைச் சமன் செய்து தரவேண்டும். பிப்ரவரியில் அவர் கட்டட வேலையைத் தொடங்க வேண்டும்.

செய்தி கேட்டு நான் சென்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே மச்சான் பேசத் தொடங்கிவிட்டார். “நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரியும் தம்பி. பறவைக்கு வேறு மரம் கிடைக்கும். எனக்கு வேறு தோப்பு இல்லை.”

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அவர் சொன்னது உண்மை. பறவையை நேசிப்பவன் தன் சகோதரி மகளின் திருமணத்தை அற்பமாகக் கருத முடியுமா? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் குலைப்பதை வேட்டை என்றே வரையறுக்கிறது. அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆயினும் குடும்பத்துக்குள் சட்டத்தை முதலில் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு தாளை எடுத்து நாட்களை மட்டும் எழுதிக் காட்டினேன். பொரித்தது டிசம்பர் 22-ஐ ஒட்டி என்று கொண்டால், 75-ஆம் நாள் மார்ச் 6. இறக்கை உறுதிப்படும் வரை அது கூட்டுக்கே திரும்பி வரும். மார்ச் இறுதி வரை மரம் நின்றால் போதும். இன்று மரம் விழுந்தால் பெரிய பறவைகள் இரண்டும் பறந்துவிடும். பறக்கத் தெரியாதது ஒன்றுதான் விழும்.

மச்சான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்களை வாசலில் நின்றிருந்த ராத்தாதான் பேசினார்கள். “பிள்ளை பெற்ற வீட்டில் நாற்பது நாள் கதவைக்கூட அறைந்து சாத்த விடமாட்டோமே. மரத்தை எப்படி வெட்டச் சொல்வது?”

மச்சான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே சென்றார். மறுநாள் வாங்க வந்தவரிடம் இரண்டு மாத அவகாசம் கேட்டிருக்கிறார். அவர் மறுத்து, வேறிடத்தில் நிலம் பார்த்துக்கொண்டார். கையில் வந்திருக்க வேண்டிய முன்பணம் போயிற்று. உறவினர் இருவரிடம் கைமாற்று வாங்கியே திருமணச் செலவைச் சமாளித்தார். நானும் என்னால் இயன்றதைக் கொடுத்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பறவையைக் காப்பது இனிமையான பேச்சு மட்டுமன்று; சில நேரம் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. அந்த விலையைக் கொடுத்தவர் நானல்லர்.

பறந்த நாள்

பிப்ரவரியில் குஞ்சு கூட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது. உடலெங்கும் பழுப்பு நிறம். பெற்றோரின் சாயலே இல்லை. கடற்காற்றுக்கு எதிரே நின்று இறக்கைகளை அடித்து அடித்துப் பார்க்கும். சில நாட்களில் அவ்வாறு அடிக்கும்போதே ஒரு சாண் உயரம் எழுந்து மீண்டும் கூட்டில் இறங்கியது. பெற்றோர் இரண்டும் மீனைக் கூட்டுக்குள் போடாமல், பட்ட கிளையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதையும் கண்டேன்.

மார்ச் 8, வெள்ளிக்கிழமை. மச்சானும் என்னுடன் மணல்மேட்டுக்கு வந்திருந்தார். அந்தப் பருவத்தில் அவர் வந்தது அதுவே முதல்முறை. பொழுது ஏறி வெயில் உறைக்கத் தொடங்கிய வேளையில், குஞ்சு கூட்டிலிருந்து பட்ட கிளைக்குத் தாவியது. தடுமாறி நின்றது. பிறகு காற்று ஒன்று வீசியபோது, தள்ளப்பட்டதைப் போல் கிளையை விட்டது. முதலில் தாழ்ந்தது, தென்னை உச்சிகளை உரசுவதுபோல் வந்தது, பின் மெல்ல மேலேறிக் கடலோரத்தில் அரை வட்டம் அடித்து, ஒரு தென்னையில் அலங்கோலமாகச் சென்று அமர்ந்தது.

மச்சான் பைனாகுலரைத் திருப்பித் தந்தார். “கணக்கில் இரண்டு நாள் பிசகிவிட்டது தம்பி” என்றார். அவர் முகத்தில் நெடுநாட்களுக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன்.

அதன் பிறகு

அவ்வாண்டு ஜூன் மாதம் தோப்பு வேறொருவருக்கு விற்கப்பட்டது. ஜனவரியில் பேசிய விலை கிடைக்கவில்லை. ஆனால் பத்திரம் எழுதும்போது, ஆலமரம் நிற்கும் மூலையில் 12 சென்ட் நிலத்தை மட்டும் மச்சான் பிரித்துத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டார். “அந்த மூலையில் தண்ணீர் உப்பு, யாருக்கும் பயன்படாது” என்று காரணம் சொன்னார். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை.

நம் கடற்கரை ஊர்களில் பழைய ஆலும் அரசும் புளியும் இன்னும் சில நிற்கின்றன. அவற்றின் உச்சியில் பெரிய குச்சிக்குவியல் தென்பட்டால், அது குப்பை அன்று, தலைமுறைகளின் தொட்டில். வெட்டத்தான் வேண்டும் என்ற நிலை வந்தாலும், அதற்கு முன் வனத்துறையினரிடம் ஒரு வார்த்தை கேட்பதும், குஞ்சு பறக்கும் வரை காத்திருப்பதும் நம்மால் இயலாதவை அல்ல. வெட்டுவதற்கு எண்ணமே இல்லாதவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: அக்டோபர் முதல் சில மாதங்கள், அன்பின் பெயராலும் அம்மரத்தடிக்குச் செல்லாதீர்கள். அரிவாளோடு வந்தவரும் ஆர்வத்தோடு வந்தவரும் கூட்டிலிருந்து பார்க்கும் பறவைக்கு ஒருவரே.

2024 அக்டோபரில் இணை மீண்டும் வந்தது. மாணவர்களை அழைத்துக்கொண்டு மணல்மேட்டுக்குச் சென்றேன். மேட்டின் உச்சியில் ஒரு பழைய வலைக்கயிற்றைக் கிடத்தி, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அன்று விழுதைப் பற்றி மரத்தில் ஏறிய சிறுவன் இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டான். பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தபின் என்னிடம் திரும்பினான்.

“ஹஜ்ரத், இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாமா?”

“மார்ச்சில் பார்க்கலாம்” என்றேன்.

அவன் கயிற்றுக்கு இப்பாலேயே அமர்ந்துகொண்டான்.